நிற்கும் வண்டியைக் கேட்பானேன்

ஒரகடத்தில் தொழிற்சாலைப் பேருந்து புறப்படக் காத்திருந்தது. ஓட்டுநரின் கைபேசி வழியாக வண்டி வருமிடத்தைத் தொழிலாளர்க்குக் காட்டும் செயலியை எழுதிய தென்மாவட்ட இளைஞன் அவரருகே அமர்ந்திருந்தான். நான் அவர்களுக்குப் பின்னிருக்கையில் இருந்தேன்.

"உன் ஆப்பைத் தினமும் மூடுறது நான்தான் தம்பி," என்றார் ஓட்டுநர்.

"ஏண்ணே? மணிமங்கலத்துல நிக்கவங்க வண்டி எங்கன்னு தெரியாம தவிக்காங்க."

"என் வூட்டுக்காரிக்கு இதான் மாசம். வலி வந்தா போன் பண்ணுவா. உன் ஆப்பு மத்தியானத்துக்குள்ள சார்ஜைக் குடிச்சிடுது. ஷிஃப்ட் முடியறவரைக்கும் வண்டி கம்பெனி கேட்டாண்டதான் நிக்குது. அப்பவும் உன் ஆப்பு எங்க கீறே, எங்க கீறேன்னு கேட்டுகினே கீது."

இளைஞன் எட்டி அவர் கைபேசியில் சார்ஜ் அளவைப் பார்த்தான்.

"தப்பு என்னுதுதாண்ணே. வண்டி நகர்ந்தா மட்டும் கேக்க மாதிரி மாத்திருதேன். நின்னா அதுவும் தூங்கும்."

"நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுனா?"

"அதையும் காட்டும்ணே. போன் உங்ககிட்டதான இருக்கும்."

"அத்தினி பேரும் பாப்பாங்களா?"

"பாத்தா, காத்துக் கெடக்காம வேற வண்டி புடிச்சுக்கிடுவாங்க."

ஓட்டுநர் யோசித்தார். பிறகு கைபேசியைத் திறந்து அவனிடம் நீட்டினார்.

"சீக்கிரம் மாத்திக் குடு. அவ கூப்புடுவா."