மேல் குடுவை

குடுவைச் செடிக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, ஐயா. மழைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இதைச் சொன்னால் பார்க்க வருகிறவர்கள் சிரிப்பார்கள், பூச்சி தின்கிற செடிக்கு இவ்வளவு பவிசா என்று. எனக்கு அதில் தப்புத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒத்துக்கொள்வது, ஒத்துக்கொள்ளாதது என்று இருக்கிறது. என் தங்கைக்கு வெளியூர் ஒத்துக்கொள்ளாது.

இந்தச் செடிகளை வளர்க்கிற கண்ணாடிக் கூடத்தில் தோட்ட வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் கல் சுமந்தேன். பெற்றவர்கள் போன பிறகு அவளை வளர்த்தது இந்தத் தோள்தான். பார்க்க வருகிறவர்களுக்குச் செடிகளைக் காட்டுகிற வேலைக்கு மாப்பிள்ளையைக் கூடத்துக்குள் கொண்டுவந்ததும் நான்தான். அவளைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடு கிடப்பான் என்று நினைத்தேன்.

அவனுக்கு வாய் அதிகம். செடிகளின் பெயரைச் சொல்லியே கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். குரங்குக் குவளை என்பான். குரங்கு அதில் தண்ணீர் குடிப்பதாகப் பேச்சு. கோரைப்பல் என்பான், அதன் விளிம்பில் பாம்புக்கு இருப்பதுபோல இரண்டு பல் தொங்கும். மூஞ்சூறு கக்கூஸ் என்று ஒன்று. மூடியில் ஊறும் இனிப்பை நக்க வருகிற மர மூஞ்சூறு, குடுவையின் வாயிலேயே உட்கார்ந்து வெளிக்கிருந்துவிட்டுப் போகும். செடிக்கு அதுதான் உரம்.

ஒருநாள் ஓர் அம்மா கேட்டார், "பூச்சி விழுந்ததும் இந்த மூடி மூடிக்குமா?"

"எங்க மூடும்? அது எங்க மச்சான் மாதிரிங்க. மேல நின்னு பாத்துக்கிட்டே இருக்கும், வேற ஒரு வேலையும் கிடையாது."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பன் இல்லை.

சாப்பாடு போட்டுக்கொண்டே தங்கைதான் சொன்னாள். "அண்ணா, அவருக்கு வேற ஊர்ல பெரிய தோட்டத்துல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் கிளம்புறோம்."

"அப்ப நான்?"

"நீயும் காலாகாலத்துல ஒரு கல்யாணம் பண்ணிக்கோ" என்று சிரித்தாள். அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை. அவன் வாய் அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்துகொண்டேன்.

குடுவைச் செடியில் ஆள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. தரையோரம் விடுகிற குடுவை தொந்தியும் தொப்பையுமாக, முன்பக்கம் இரண்டு சிறகோடு இருக்கும். அதே கொடி ஏறிப்போய் மேலே விடுகிற குடுவை ஒல்லியாக, சிறகில்லாமல், யாரோ பெற்ற பிள்ளைபோல இருக்கும். ஒரே செடிக்குக் கீழே ஒரு பெயரும் மேலே ஒரு பெயருமாக வைத்துவிட்டு அசடு வழிந்தவர்கள் நிறைய. அதனால் மேல் குடுவையைப் பார்க்காமல் மாப்பிள்ளை பெயர் சொல்லமாட்டான். அவனுக்கு அது மானப் பிரச்சினை.

பெயர் தெரியாத குடுவைக் கொடி ஒன்று கூரைவரை ஏறியிருந்தது. கூரைக்கடியில், கண்ணாடி துடைப்பதற்காக ஒரு பலகைப் பாதை இருக்கிறது. தங்கை ஊர் மாறுவதைச் சொல்வதற்குச் சில நாள் முன்பு நான் துடைக்கப் போனபோது நடுப்பலகை ஈரத்தில் உளுத்துப்போயிருந்தது. இறங்கி வந்து ஏணியில் சிவப்புத் துணி கட்டினேன். துணி இருந்தால் ஏறக் கூடாது. அவிழ்த்துவிட்டால் பலகை மாற்றியாயிற்று என்று அர்த்தம். ஆசாரியிடமும் சொல்லிவைத்தேன். பொறுப்பில்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

தங்கை சொன்னதற்கு மறுநாள் காலையில் அந்தத் துணியை அவிழ்த்து மடித்து வைத்தேன். பலகையை யாரும் மாற்றியிருக்கவில்லை.

கூட்டம் சேர்ந்ததும் எல்லாருக்கும் கேட்கிறமாதிரி ஒரு கேள்விதான் கேட்டேன். "மாப்பிள்ளை, இந்தக் கொடி பேரு என்ன? தெரியலைன்னா விடு, பரவாயில்லை."

"தெரியலையா? இருங்க மச்சான், மேல பாத்துட்டு வந்து உங்க வாயை அடைக்கிறேன்."

ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அது ஆடினால் ஆபத்து.

மேலே குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கோரைப்பல் இல்ல மச்சான், இது..." என்றான். பலகை முறிந்த சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை.

விழுந்தவனுக்கு உயிர் இருந்தது. கூட்டத்தை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று என்று அவர்களிடம் சொன்னேன், சொல்லியிருக்கவில்லை. "மச்சான், தண்ணி" என்றான். அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் பேச்சு நின்ற பிறகு போன் செய்தேன்.

ஆசாரி துணியைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட்டார் என்கிறீர்கள். சொல்லட்டும், உள்ளதுதானே. கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் தங்கைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் அம்மாவோடு போய் இருக்கிறேன் என்று ஒரே அழுகை. துக்கத்தில் பேசுகிறவளை நம்பி வெளியே விட முடியுமா? வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவேன். இன்றைக்கும் பூட்டிவிட்டுத்தான் வந்தேன். சாவி சட்டைப் பையில் இருக்கிறது. எழுதி முடித்ததும் விடுங்கள், அவளுக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். ஆரம்பத்தில் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இப்போது தட்டுவதில்லை. மனம் தேறிவிட்டாள்.