வெளுத்த துருசும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

மேடையேறிப் பேசத் தெரியாத ஒருத்தி இங்கே வந்து நிற்பதற்காக முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். மேடைப் படியை மிதிப்பதும் இன்றுதான் முதல் தடவை.

விழாத் தலைமை ஏற்றிருக்கும் உழவர் மன்றத் தலைவர் இராமச்சந்திரன் ஐயா அவர்களே, ஏர் பிடித்துக் காய்த்த கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, களையெடுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிங்கவரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே, செஞ்சிக் கடைத்தெருவின் வணிகர்களே, கதவோரம் நிற்கும் என் தோழி பிரம்மியே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் கையில் இரண்டு குப்பிகள் இருக்கின்றன. ஒன்றில் மயில் கழுத்து நிறத்தில் துருசு, மயில்துத்தம் என்கிற செம்பு உப்பு. நெல் வயலில் பாசி படர்ந்தால் துணியில் முடிந்து மடைவாயில் வைக்கிறோமே, அதே துருசு. இன்னொன்றில் சாம்பல் வெளுப்பில் ஒரு தூள். இரண்டும் ஒரே பொருள்தான் என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்ப மாட்டீர்கள். என் நைனா, என் அப்பா தனகோட்டியும் நம்பவில்லை.

நான் பள்ளியில் படித்த காலம். மழையில் நனைந்த துருசுப் பொட்டலத்தை உலர்த்த நினைத்த நைனா, அதை ஒரு மண்சட்டியில் கொட்டி, நெல் அவித்த அடுப்பின் தணல்மேல் வைத்துவிட்டு மறந்துபோனார். எடுத்துப் பார்த்தபோது நீலம் இல்லை. வெள்ளைத் தூள்தான் இருந்தது. அதை ஒரு கவரில் கட்டிக்கொண்டு நேராகக் கடைத்தெருவுக்குப் போனார். துருசை விற்ற கடைக்காரர் மல்லிநாத நயினார், பிரம்மியின் தகப்பனார். சந்தை நாள், கடை நிறைய ஆட்கள்.

“இன்னா நயினாரே, உப்புக்கு நீலம் போட்டு விக்கிறியா?” என்றார் நைனா.

“தனகோட்டி, நீ வாங்கும்போது நீலமா இருந்துச்சா, இல்லியா?” என்று கேட்டார் நயினார்.

“இருந்துச்சு. இப்ப இல்ல. அப்ப சாயம்தான?”

பக்கத்தில் நின்றவர் ஒருவர், “எங்க வேட்டியையும் ஒரு முக்கு முக்கிக் குடு நயினாரே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நயினார் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. வெளுத்தது ஏன் என்று அவருக்கும் தெரியாது. தெரியாதவரின் மௌனத்தைத் திருடனின் மௌனமாக எடுத்துக்கொண்டது ஊர். அன்று முதல் அந்தக் கடைக்குச் சாயக்கடை என்று பெயர். இன்றும் அந்தப் பெயர்தான். அதுவரை பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பிரம்மி, மறுநாள் வேறு இருக்கைக்கு மாறி உட்கார்ந்தாள்.

துருசு ஏன் வெளுத்தது?

இந்த நீலக் கல்லைத் தொட்டுப் பாருங்கள், ஈரம் இல்லை. உலர்ந்த கல். ஆனால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. பின்வரிசையில் ஒரு அண்ணன், “கல்லுல இன்னா தண்ணி, காட்டு பாக்கலாம்” என்கிறார். காட்டுகிறேன் அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். நூறு கிராம் துருசில் முப்பத்தாறு கிராம் தண்ணீர்தான். மேலே ஒட்டிய ஈரம் வேறு, உள்ளே கட்டுண்ட நீர் வேறு. மேலே இருப்பது நிழலில் வைத்தாலும் போய்விடும். உள்ளே இருப்பது கல்லின் உருவத்தைத் தாங்கி நிற்கிறது, நிறத்தைத் தந்து நிற்கிறது. அந்த நீரோடு இருப்பதை நீரேறிய சேர்மம் என்கிறோம். கடும் சூட்டில் அந்த நீரை இழந்து நிற்பதை நீரற்ற சேர்மம் என்கிறோம். நீர் போனது, நிறம் போனது, உருவம் போனது. ஆனால் செம்பு போனதா? போகவில்லை. துருசு பொய்யானதா? ஆகவில்லை.

உடைந்த எலும்புக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறார்களே, அதுவும் இந்தக் கணக்குதான். சுட்டு நீர் குறைத்த மாவு, தண்ணீரைத் திரும்பக் குடித்துக் கல்லாக இறுகுகிறது. தாய்மார்களே, துருசு நஞ்சு. வீட்டு அடுப்பில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயில் துருசைச் சூடாக்கச் சொன்னார்கள். நீலம் மெல்ல மெல்ல வெளுத்தது. குழாயின் வாய்ப்பக்கம் தண்ணீர் துளித்துளியாக வியர்த்து நின்றது. எதிர் மேசையில், அதே வகுப்பில் சேர்ந்திருந்த பிரம்மியின் குழாயும் வெளுத்துக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தபடி சொன்னாள்: “உங்க வூட்டு அடுப்பும் இதத்தான் செஞ்சிருக்குது.” அவ்வளவுதான். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வருடா வருடம் துருசைத் தண்ணீரில் வைக்கிற என் நைனா, அந்த ஒரு நாள் மட்டும் அதைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு சொட்டு போதும், பழைய நீலம் திரும்பிவிடும். போன வாரம் களத்தில் வைத்து அவருக்குச் செய்து காட்டினேன். “நயினார் வீட்டுக்குப் போலாமா நைனா?” என்று கேட்டேன்.

“அன்னிக்குக் கடத்தெருவே கேக்கக் கத்துனேன். இப்ப போயி காதுல சொன்னா சரியா வருமா? எனக்கு மேடையில பேச்சு வராது. நீ சொல்லு. நான் கீழ நிக்கிறேன்” என்றார்.

நிற்கிறார். அதோ, தண்ணீர்ச் சொம்போடு படிக்கட்டின் கீழே நிற்பவர்தான் என் நைனா தனகோட்டி.

பேச இடம் தந்த தலைவர் ஐயாவுக்கும், தடுமாறியபோதெல்லாம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. ஒரு வேண்டுகோளை மட்டும் கடைசிவரை வைத்திருந்தேன். அதைக் கேட்கத்தான் இந்த மேடையே ஏறினேன்.

நான்காவது வரிசையில் அமர்ந்திருக்கும் மல்லிநாத நயினார் அவர்களே, இந்த வெள்ளைத் தூளை மேசைமேல் தட்டில் கொட்டியிருக்கிறேன். தண்ணீர் என் நைனா கையில் இருக்கிறது. அன்று கடை நிறைய ஆட்கள் பார்க்க வெளுத்தது, இன்று ஊரே பார்க்க நீலமாக வேண்டும். அந்த முதல் சொட்டை நீங்கள் விட வேண்டும். மேலே வாருங்கள் ஐயா.