ஸ்கோப்பில் மிச்சம் பிடிக்கக் கூடாது

கையில் காசு குறைவாக இருந்தால் துவக்கில் மிச்சம் பிடிக்கலாம், ஸ்கோப்பில் பிடிக்கக் கூடாது. வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள். பளபளவென்று புதுத் துவக்கொன்றை வாங்கி, அதன்மேல் மலிவான குறிபார்க்கும் கண்ணாடியொன்றைப் பூட்டிவிட்டு, மாலை வெளிச்சத்தில் மான் எது மரக்குற்றி எது என்று தெரியாமல் முழிப்பார்கள். நான் வாங்கியது செத்துப்போன ஒரு வேட்டைக்காரனின் மனைவி விற்ற பழைய துவக்கு. மரக்கட்டையில் கீறல்கள் இருந்தன, குழல் சுத்தம். மிஞ்சியதையெல்லாம் ஸ்கோப்பில் போட்டேன்.

ஏன் இந்தத் துவக்கு என்று கேட்டிருந்தீர்கள், அரச வழக்கறிஞர் ஐயா. உங்கள் டொச் மொழியில் பதில் சொல்ல எனக்கு முடியும். ஆனால் தமிழில் எழுதினால்தான் நிதானம் வரும். மொழிபெயர்ப்பாளர் சுகந்தி இந்த நாட்டிலேயே, வின்டர்தூரில் பிறந்த பிள்ளை. கூட்டாமல் குறைக்காமல் மாற்றித் தருவாள்.

என் பெயர் அந்தோனிதாஸ், சொந்த ஊர் மன்னார். இங்கே கூர் நகரத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் சமைக்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன் இந்த நாட்டில் துவக்கு வாங்க முடியாது, சட்டம் அப்படி. ஆகவே முதலில் நான் சுவிஸ்காரனாக வேண்டியிருந்தது. நேர்காணலில் ஏன் குடியுரிமை கேட்கிறாய் என்றார்கள். மலை பிடிக்கும் என்றேன். எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். சிவப்புக் கடவுச்சீட்டு வந்த அன்று பக்கத்து வீட்டு எலேனா கேக் சுட்டுக்கொண்டு வந்தாள். பிறகு வேட்டைப் பரீட்சைக்குப் படித்தேன், காட்டில் மரக்கன்று நட்டேன், மானின் பல்லைப் பார்த்து வயது சொல்லப் பழகினேன். இப்படி ஒன்றிப்போன தமிழனைக் கண்டதில்லை என்றார்கள். ஒன்றிப்போகாமல் என்ன செய்வது, எனக்குத் துவக்கு வேண்டியிருந்தது.

குடியுரிமை விண்ணப்பத்தில் என்னை நல்லவன் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தவன் தவராஜா. நீங்கள் அறிந்த அதே தவராஜாதான்.

அவனும் நானும் ஒன்றாக அகதியாக வந்தவர்கள். ஒரே அறையில் இருந்தோம், ஒரே குசினியில் சட்டி கழுவினோம். இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டை முடிகிற நேரம், என் தங்கச்சி திரேசா இரண்டு பிள்ளைகளோடு வன்னியில் அகப்பட்டிருந்தாள். வெளியே வருவதா, அங்கேயே நிற்பதா என்று கேட்க ஒரு நாள் எப்படியோ தொலைபேசி எடுத்தாள். தவராஜா அவளை நிற்கச் சொன்னான். அவள் நின்றாள். மூன்று பேரும் இல்லாமல் போனார்கள். அவளோடு நிற்காமல் வெளிக்கிட்ட பக்கத்துக் குடும்பம் இன்று பாரிசில் இருக்கிறது.

அதற்குப் பிறகு தவராஜா வின்டர்தூருக்குப் போய்க் கலியாணம் கட்டி, கோயில் காரியங்களில் பெரிய மனிதனானான். ஒவ்வொரு மே மாதமும் செத்தவர்களுக்குப் பூசை வைப்பான். ஒலிவாங்கியில் திரேசாவின் பெயரை வாசிப்பான், பிள்ளைகளின் பெயரையும் வாசிப்பான். பூசை முடிய என்னைக் கட்டிப்பிடிப்பான்.

"மச்சான், எங்களுக்கு என்ன தெரியும் அப்ப? நல்லதெண்டு நினைச்சுத்தானே சொன்னனாங்கள்."

ஒவ்வொரு வருஷமும் இதையே சொல்வான். எனக்கு உடம்பெல்லாம் எரியும். இவன் செய்ததில் என்னை ஏன் இழுக்கிறான் என்று நினைப்பேன். ஓம் மச்சான் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுவேன்.

ஸ்கோப் விற்ற கடைக்காரர் எவ்வளவு தூரத்துக்கு வேண்டும் என்று கேட்டார். இயன்ற அளவு தூரத்துக்கு என்றேன். அவர் சிரித்தார். இந்தக் கன்ரோனில், இந்த மாநிலத்தில், வேட்டைக்குப் பெரிய சன்னக் குண்டுதான் சட்டம், அது தூரம் போகப் போகத் தாழ்ந்துவிடும், இங்கே நாங்கள் கிட்டப் போய்த்தான் சுடுவோம், ஊர்ந்து போகத் தெரியாதவன்தான் தூரத்தைத் தேடுவான் என்றார். முழங்கால் சரியில்லை என்றேன். முழங்காலில் ஒரு குறையும் இல்லை. கிட்டப் போனால் தவராஜா கதைப்பான். அவன் கதைப்பதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

செப்டெம்பரில் அவனைக் கூப்பிட்டேன். மான் கூவுகிற காலம், வந்து பார் என்றேன்.

"நான் சுடமாட்டன் மச்சான், உயிர்ப் பாவம்," என்றான்.

"நீ சுட வேண்டாம். மேல் குடிலடியில வந்து நில். மண்ணிற ஜாக்கெட் போட்டுக்கொண்டு வா, பளிச்செண்டு உடுத்தா மான் ஓடிப்போம்."

"அப்ப தின்னுறதுக்கு றோல்ஸ் சுட்டுக்கொண்டு வாறன்."

சொன்னபடியே வந்தான். நான் எதிர்ச் சரிவில் கிடந்தேன். கண்ணாடி நல்ல கண்ணாடி, குறை சொல்ல முடியாது. தாடி நரை தெரிந்தது, கையிலிருந்த றோல்ஸ் பொதி தெரிந்தது. சுற்றுமுற்றும் என்னைத் தேடினான். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தான். என் சட்டைப்பையில் போன் நடுங்கத் தொடங்கியது. அவன் பொறுமையாகக் காத்து நின்றான். நான் எடுக்கவில்லை. நடுக்கம் நின்ற பிறகு சுட்டேன்.

இந்தக் கன்ரோனில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பால் கொடுக்கும் பெண்மானைத் தவறிச் சுட்டுவிட்டால் வேட்டைக்காரன் ஒளிக்க மாட்டான். தானே வனக்காவலரிடம் கொண்டுபோய்க் காட்டுவான். மானை எடுத்துக்கொள்வார்கள், தண்டம் சிறியது, ஊரில் மானம் போகாது. நானும் அப்படித்தான் உடனே வனக்காவலரை அழைத்தேன். மான் என்று நினைத்தேன் என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். தன் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். செத்தவீட்டில் தவராஜாவின் மனைவி றஞ்சினி, "உங்களில பிழையில்லை அண்ணை, விதி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. இது விபத்து என்றால் தவராஜா ஒரு பாவமும் அறியாதவனாகப் போய்விடுகிறான். திரேசாவுக்கு யார் பதில் சொல்வது? அதனால்தான் நானாகவே உங்களிடம் வந்தேன். நான் தவறவில்லை. மான் என்று நினைக்கவில்லை. அவனைப் பார்த்துத்தான் சுட்டேன்.

இத்தோடு முடித்திருப்பேன். நேற்று இதை வாசித்துவிட்டுச் சுகந்தி பேனாவை மூடி வைத்தாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? உங்கட தங்கச்சி ஏன் உங்களுக்குப் போன் அடிக்காம அவருக்கு அடிச்சவ?"

பிள்ளை கெட்டிக்காரி. கேட்டதற்குப் பதில் எழுதிவிடுகிறேன், வழக்குக்கு இது முக்கியமில்லை என்றாலும்.

திரேசா முதலில் எனக்குத்தான் அடித்தாள். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம். அடுப்பில் நின்றேன். நீளமான இலக்கம் ஒன்று திரையில் வந்தது, கண்டேன், எடுக்கவில்லை. அந்த நேரத்தில் போன் எடுத்தால் தலைமைச் சமையற்காரன் கத்துவான். அதனால் அவள் தவராஜாவுக்கு அடித்தாள். அவனுக்கு அன்று லீவு. போனைக் காதில் வைத்தபடியே மாடி அறையிலிருந்து குசினி வாசலுக்கு ஓடி வந்தான்.

"திரேசா லைன்ல நிக்கிறா. வெளிக்கிடுறதோ நிக்கிறதோ எண்டு கேக்கிறா. இந்தா, நீயே கதை மச்சான்."

போனை நீட்டினான். என் கையெல்லாம் எண்ணெய். சனத்தை ஏற்றிப்போகக் கப்பல் வருகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டிருந்தேன். நிக்கச் சொல்லு என்றேன்.

அவன் அப்படியே சொன்னான். தன் பங்குக்கு ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும், றஞ்சினியிடம்கூட, அதை வாய்விடவில்லை.

ஆனால் திரேசா கேட்டது அவனுடைய குரலைத்தான். சுகந்தி, இந்த வரியை மட்டும் விட்டுவிடாமல் மொழிபெயர்க்கவும்.