எடுக்கவில்லை

எனக்கு ஃபோனில் பேசவே வராது, ஐயா. நேரில் என்றால் ஏதோ சமாளித்துவிடுவேன். ரிசீவரைக் காதில் வைத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனைப் பிடித்துப் பத்தொன்பது வருஷம் ஃபோன் பேசுகிற வேலையில் உட்கார வைத்தார்கள். கடவுளுக்கும் கொஞ்சம் கேலி பிடிக்கும் போலிருக்கிறது.

நடந்ததை ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் சேரப்போகும் பிள்ளைகளில், மதிப்பெண்ணை மட்டும் பார்த்து, ஆண்டுக்கு முப்பது பேரின் முழுப் படிப்பையும் எங்கள் அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும். தேர்வுக்குழு பட்டியலை உறையில் போட்டு என்னிடம் தரும். நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்க வேண்டும். மூன்று வேலைநாள், நாளுக்கு ஒரு தடவை. மூன்று முறையும் பதில் இல்லையென்றால் பதிவேட்டில் ‘எடுக்கவில்லை’ என்று எழுதி, அந்த இடத்தை முப்பத்தோராவது பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். அதுதான் விதி. ஆபீசில் எனக்கு ‘நல்ல சேதி’ என்று பட்டப்பெயர். எதிரே வந்தாலே, “என்ன நல்ல சேதி, டீ ஆச்சா?” என்பார்கள்.

முதல் தடவை நடந்தது சத்தியமாகக் கைத்தவறுதான். ஒரு இலக்கத்தை மாற்றிப் போட்டு, மூன்று நாளும் யார் வீட்டிலோ மணி அடித்துக்கொண்டிருந்தேன். இடம் அடுத்த பையனுக்குப் போயிற்று. அவன் அம்மா நேரில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வாரம் கழித்துத்தான் தப்பு என் கண்ணில் பட்டது. பறிகொடுத்த பையன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? கிடைத்ததே தெரியாதவன் எதைக் காணோம் என்று தேடுவான்? வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மத்தியானம் சாப்பாடு எப்போதும்போல இறங்கியது.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று ஆறு வரிக்கு இடம் விட்டிருப்பார்கள். தேர்வுக்கு அதைப் பார்க்கக் கூடாது என்பதால் குழுவில் ஒருத்தரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். ஒரு வருஷம் ஒரு பெண் எழுதியிருந்தாள்: அம்மா இல்லை, நான்கு தம்பி தங்கைகள், சமைத்துப்போட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் படிக்க உட்காருவேன். பட்டியலில் அவள்தான் முதல். இவள் கிளம்பிப் போய்விட்டால் அந்த நான்கு குஞ்சுகளும் என்ன ஆகும்? மதிப்பெண்ணுக்கு வீடு வாசல் தெரியாது, ஐயா. யாராவது ஒருத்தர் அதையும் யோசிக்க வேண்டாமா? அவள் எண்ணை அழுத்தினேன். ஒரு மணி அடித்தது, வைத்துவிட்டேன். நாலு விநாடி. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. திருப்பிக் கூப்பிட்டவளிடம் தவறான எண் என்றேன்.

அவள் இப்போது எங்கள் ஆபீசுக்கு எதிரில் நகல் எடுக்கும் கடையில் நிற்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவை பார்ப்பேன். “நானும் ஒரு தடவ உங்க ஆபீசுக்கு அப்ளிகேஷன் போட்டேன் சார். நமக்கு மார்க் பத்தலை போல,” என்றாள் ஒருநாள், தாளை அடுக்கிக்கொண்டே. “பத்தலைதான்ம்மா,” என்றேன். சிரித்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

அந்தக் கைத்தவறைச் சேர்க்காமல், இப்படிப் பதினேழு பேர். “வேலியே பயிரை மேஞ்சிருக்கே,” என்றீர்கள் நேற்று. யாரிடமும் கை நீட்டி ஒரு காசு வாங்கியதில்லை. விட்டுப் போகக் கூடாத வீட்டை விட்டுப் போக இருந்தவர்களை மட்டும்தான் நிறுத்தினேன்.

பதினேழாவது என் தங்கை மகள்.

தங்கை போனபிறகு பன்னிரண்டு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குப் பதினைந்து வயதாகும்போது என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போயிற்று. அன்றிலிருந்து புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். எனக்கு அந்த வேலை கைவரவில்லை. முயற்சி செய்யாமலில்லை, பயமாக இருக்கும். கட்டிலில் ஒரு ஓரத்தில் அத்தை, இன்னொரு ஓரத்தில் கணக்குப் புத்தகம் என்று படித்தே பட்டியலில் மூன்றாவதாக வந்தாள். விண்ணப்பம் போடும்போது, “மாமா, எனக்காக யார்கிட்டயும் பேசிடாதீங்க. மார்க்ல கிடைச்சா போதும்,” என்றாள். பேசவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

உறையைப் பிரித்து அவள் பெயரைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பட்டியலை மறுபடி உறைக்குள்ளேயே போட்டேன். யாரையாவது கூப்பிட்டு ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்கலாம் போலிருந்தது. கூப்பிடத்தான் எனக்கு வராதே.

மூன்று நாளும் காலை பதினொரு மணிக்கு அவள் எண்ணை அழுத்தி, ஒரு மணி அடித்ததும் வைத்தேன். மூன்றாம் நாள் உடனே திருப்பிக் கூப்பிட்டாள்.

“என்ன மாமா, மூணு நாளா ஒரே மணி அடிச்சு நின்னுடுது?”

“அத்தைக்கு மாத்திரை கொடுத்தியான்னு கேட்கத்தான்மா. அதுக்குள்ள வேலை வந்துடுச்சு.”

“கொடுத்துட்டேன். மாமா, லிஸ்ட் வந்துடுச்சா?”

“இன்னும் இல்லம்மா.”

“வந்தா வீட்டுல வந்து சொல்லாதீங்க மாமா. எல்லாருக்கும் சொல்ற மாதிரி எனக்கும் ஃபோன்லயே சொல்லணும். என்ன?”

“சரிம்மா.”

ரிசீவரை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, அவள் பெயருக்கு நேரே எழுதினேன்: எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் பட்டியல் வந்துவிட்டது, உன் பெயர் இல்லை என்று சொன்னேன். “சரி மாமா,” என்றாள். அத்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள், அதை நிறுத்தவில்லை. பின்னல் மட்டும் கோணலாகிப் போய், அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டாள்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். மனுஷனுக்கு மனத்தில் இருப்பதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். நான் மனைவியிடம் இறக்கி வைத்தேன். ஆபீசிலிருந்து வந்ததும், தங்கை மகள் கடைக்குப் போயிருக்கும் அரை மணி நேரத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதினேழு பேரையும் பேரோடு ஒன்றுக்குப் பலதடவை சொல்லியிருக்கிறேன். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். காது இருந்தால் என்ன, வாய் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். மனைவியிடமிருந்து வருவது வெறும் குழறல், எனக்கு ஒரு எழுத்து புரியாது. அந்தக் குழறலைச் சொல் சொல்லாகப் புரிந்துகொள்ளும் ஒரே ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள் என்பதை எப்படி மறந்தேனோ.

ஏழு மாதம் ஆயிற்றாம், என் மனைவி அவளிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லி முடிக்க. நீங்கள் காட்டிய புகாரில் பதினேழு பேரும் வரிசையாக இருந்தார்கள், என் பதிவேட்டைவிடச் சுத்தமாக. ஃபோன் கம்பெனிக்காரர்கள் கொடுத்த கணக்கில் அத்தனை அழைப்பும் நாலு நாலு விநாடி. புகாரின் அடியில் என் மனைவியின் இடது பெருவிரல் ரேகை. அவளாக வைத்திருக்க மாட்டாள். சின்னப் பெண், ஆத்திரத்தில் கையைப் பிடித்து அழுத்தியிருப்பாள்.

அறக்கட்டளை அவளை இந்த ஆண்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னீர்கள். மற்ற பதினாறு பேருக்கும் வயது வரம்பு தாண்டிவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றீர்கள். எனக்கும் வருத்தம்தான். அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு துணையாவது மிஞ்சியதே என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த ஆறு வரியில் என் தங்கை மகள் என்ன எழுதியிருந்தாள் என்று அன்றைக்கே படித்தேன். ‘அத்தையைக் கூடவே அழைத்துக்கொண்டு போவேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் ஒரு அறை விசாரித்து வைத்திருக்கிறேன். அத்தைக்குச் சம்மதம்.’ அவ்வளவுதான் இருந்தது. மீதி இரண்டு வரி காலியாக இருந்தது. என்னைப் பற்றி எழுத அந்த இடம் தாராளமாகப் போதும். பதற்றத்தில் விட்டுப்போயிருக்கும். ஆகையால், நான் செய்ததெல்லாம் என் மனைவியை முன்னிட்டுத்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

வீடு பூட்டியிருக்கிறது, இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள் என்று உங்கள் ஏட்டு சொல்கிறார். கதவைச் சரியாகத் தட்டியிருக்க மாட்டார். நீங்கள் பெரிய மனசு பண்ணி ஃபோன் கொடுத்ததால் இந்த மூன்று நாளும் நாளுக்கு ஒரு தடவை அவள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். தானாக நிற்கிறவரை முழுசாக அடிக்க விட்டேன். எடுக்கவில்லை. நான் கூப்பிட்டது பதினொரு மணிக்கு. அது மாத்திரை கொடுக்கிற நேரம், கைவேலையாக இருந்திருப்பாள்.