கடைசி வண்டி

கொல்லிமலைக்குப் பைக்கில் போகிறவர்கள் காலையில் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, ஐயா. பாதி வளைவு ஏறுவதற்குள் குமட்டும். நாங்கள் காரவல்லி அடிவாரத்தில் டீயோடு நிறுத்திக்கொள்வோம். அன்றும் அப்படித்தான்.

நாங்கள் எல்லாரும் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஆட்கள். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு, கொல்லிமலை என்று கூட்டமாகக் கிளம்புவோம். தமிழரசு முன்னால் போவான். நான் கடைசி வண்டி. கடைசி வண்டி என்றால் ஓட்டத் தெரியாதவன் என்று நினைக்காதீர்கள். எவனையும் முந்தக் கூடாது. எவன் வண்டி நின்றாலும் கூட நிற்க வேண்டும். மலைமேல் நான் போய் ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் மற்றவர்கள் டீ கிளாசைக் கையில் எடுப்பார்கள். சின்ன வயசிலிருந்து இரும்புச் சட்டம் தூக்கித் தோள் காய்த்தவன் நான். எனக்காக நாலு பேர் காத்திருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அன்று அடிவாரத்தில் தமிழரசு போனை நீட்டினான். "மாரியண்ணா, இனிமே நீங்களும் முன்னால வாங்க. எதுக்குங்க எங்க பொகைய முழுங்கிட்டு? யாரு எங்க வாராங்கன்னு இந்த மேப்புலயே புள்ளி புள்ளியாத் தெரியுதுங்களே."

பட்டறையில் பெயின்ட் அடிக்கும் கதிர் பக்கத்தில் நின்று சிரித்தான். போன வருசம் கல்யாணமானவன். "அண்ணன் ரிட்டையர்டு. ஒரு சால்வை வாங்கியாந்து போத்திருவமுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்லதுக்குத்தான் சொன்னார்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன். அந்தப் புள்ளிகளில் நான் கிடையாது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

பழக்கம் விடுமா. எல்லாரையும் போகவிட்டுத்தான் கிளம்பினேன். எனக்கு முன்னால் கதிர். பாதி மலையில் ஒரு வளைவில் ஜல்லிப்பொடி சிதறிக் கிடந்தது. டயர் வழுக்கி, தடுப்புச் சுவர் இடிந்திருந்த சந்து வழியாக வண்டியோடு கீழே போனான். இறங்கிப் பார்த்தேன். உண்ணிச்செடிப் புதருக்குள் கிடந்தான். தொடைமேல் வண்டி. ரத்தம் நிதானமாகத்தான் வந்துகொண்டிருந்தது. நல்ல நினைவோடு இருந்தான்.

"நீங்க பின்னால வருவீங்கன்னு தெரியுமுங்கண்ணா," என்றான்.

"அசையாத இரு சாமி. ஆளக் கூட்டிட்டு வாரேன்," என்றேன்.

அப்போது என் மனதில் தப்பு எதுவும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் போன் ரோட்டில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன்.

மலைமேல் செம்மேட்டில் எல்லாரும் டீ குடித்து முடித்திருந்தார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். தமிழரசு போனிலிருந்து தலையைத் தூக்காமல், "கதிர் புள்ளியும் வந்துருச்சு. அவ்வளவுதானுங்க, எல்லாரும் வந்தாச்சு," என்றான்.

வாயை மூடிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்து யாராவது ஒருத்தர், எல்லாரும் வந்துவிட்டார்களா என்று கேட்டால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய விஷயம் இல்லை. ஒரு கேள்விதான்.

கேட்கவில்லை. கடைத்தெருவில் அன்னாசியும் மிளகும் வாங்கினார்கள். சாப்பாட்டுக்குச் சொன்னார்கள். கதிரைக் காணோமே என்று பேச்சு வந்தது. புது மாப்பிள்ளை, பொண்டாட்டியோடு பேசிக்கொண்டு எங்காவது நிற்பான் என்று தமிழரசே பதிலும் சொன்னான். ஒரு தடவை கூப்பிட்டும் பார்த்தான். என் நெஞ்சுக்கு நேரே போன் அதிர்ந்தது. இரும்படிக்கிற ஆட்களுக்குக் காது மந்தம். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் சந்தேகம் வரும் என்று கடைத்தெருக் கோடி வரைக்கும் நடந்துபோய் வந்தேன். புள்ளியை நம்பினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் ஒரு நாள் தெரிய வேண்டும் அல்லவா. பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது.

வெயில் இறங்கிக் கிளம்பும்போது, ஒரு ஆள் குறைகிறது என்று சொன்னது நான்தான். அந்த வளைவில் முதலில் நின்றதும் நான்தான். போனை அவன் பக்கத்தில் போட்டேன். உடம்பு சில்லிட்டிருந்தது. மதியத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. செத்தவன் போன் கடைத்தெருவில் நடமாடிய தடத்தை நீங்கள் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. அவனைச் சாகவிட்டது நான்தான்.

ஆனால் அவன் செத்த பிறகு, நீங்கள் என்னைத் தேடி வருவதற்கு முன்னால் நடந்ததையும் எழுத வேண்டும். காரியம் முடிந்த அன்று தமிழரசு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க பின்னால இல்லாம இனி ஒரு வண்டி நகராதுங்கண்ணா," என்றான். அடுத்த மாசம் ஏற்காடு போனபோது, வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு கூட்டம் என்றால் அப்படித்தான் போக வேண்டும்.

கதிர் வீட்டுக்காரி கோகிலவாணியிடம் யாராவது இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும், ஐயா. என்னை நம்பி முன்னால் போன ஒருத்தரையும் நான் வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை.