மருந்தில்லாத ஊசி

பிள்ளைகளே, ஜெர்மனியின் கொலோன் நகர ட்ராமில் ஓர் அக்கா பக்கத்தில் இருந்த தெரிந்த பெண்ணிடம் குறைப்பட்டதைக் கேளுங்கள்.

"மகள் டொக்டருக்குப் படிச்சுப்போட்டு, இங்கிலீசு மருந்தோட சீன அக்குபங்சர் வைத்தியமும் செய்யிறாள், தங்கச்சி. மருந்தில்லாத ஊசி!"

"ஆக்கள் வருகினமோ அக்கா?"

"ஜெர்மன்காரர் குளிசை, மாத்திரை ஒண்டும் வேண்டாம், ஊசி குத்துங்கோ எண்டு நிக்கினம். எங்கட சனம் ஊசிக்குள்ள மருந்து எங்க எண்டு சண்டை பிடிக்குது."

"உங்கட முழங்காலைக் காட்டினீங்களோ? நடக்க ஏலாமல் இருந்தனீங்கள்."

"ஓம், ஊசியும் குத்தி, குளிசையும் தந்தவள். இப்ப படியெல்லாம் ஏறுறன்."

"பாத்தீங்களோ, குளிசைதான் கேட்டிருக்கு."

அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"குளிசையை நான் போடவே இல்லை. அவளுக்குச் சொல்லிப்போடாதை. பிறகு இங்கிலீசு மருந்தை அடியோட விட்டிடுவாள்."