டிசம்பரில் யாரும் ஓய்வு பெறவில்லை

— உள்ள வராதே, உள்ள வராதே! தலையெல்லாம் பஞ்சு. ஒரு இழை கம்ப்யூட்டர் மெஷினுக்குள்ள போச்சுன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரணும். வாசப்படியிலயே நின்னு பேசு.

— நின்னுதான சாமி பேசுதேன்! ஷிப்டு விட்டதுல இருந்து நிக்கேன். இருளம்மா வந்திருக்காளே, ஒரு ஸ்டூலைப் போடுன்னு யாரு சொல்லப் போறா? செருப்பையும் வெளிய கழத்திப் போட்டாச்சு, இந்த ஏசி குளிருல பாதம் விறைக்கி. இந்தக் கடுதாசிக்கு ஒரு பதிலைச் சொல்லிருங்க, போயிருதேன்.

— பதில் அதுலயேதான் இருக்கு. ஜூலை முப்பத்தொண்ணோட உனக்கு ரிட்டயர்மென்ட். ஐம்பத்தெட்டு முடிஞ்சுடுத்து. மாலை போட்டு, எவர்சில்வர் குடம் குடுத்து அனுப்புவா. சிரிச்சுண்டே வாங்கிண்டு போ.

— எனக்கு ஆகஸ்டுல முடியுதுங்கேன் நான். வில்லிபுத்தூர்ல ஆடித் தேரு ஓடுன அன்னிக்குப் பொறந்தவ. எங்காத்தா மோரு விக்கப் போன எடத்துல வலி வந்து, வடம் பிடிச்சவன்லாம் வழி விட்டு நின்னானாம்.

— ஆடின்னா ஜூலைதானே? நீயே ஒத்துண்டாச்சு. கிளம்பு.

— ஸுந்தரராஜன் சார், ஆடி ஆகஸ்ட் பாதி வரைக்கும் இருக்கு. எங்காத்துல தேருக்கு நாள் எண்ணறதுதான் வருஷம் பூரா வேலை, எனக்குத் தெரியாதா? இவா சர்வீஸ் கார்டை எடுத்து வெச்சிருக்கேன், பாருங்கோ. ஆகஸ்ட் ஒம்பதுன்னு இருக்கு.

— வஞ்சுளவல்லி, நீ இங்க சேர்ந்து ஆறு மாசம் ஆகலை. கார்டு ஒண்ணு சொல்லி கம்ப்யூட்டர் ஒண்ணு சொன்னா, கம்ப்யூட்டர் சொல்றதுதான் சரின்னு சர்க்குலரே இருக்கு.

— அந்த சர்க்குலரை யார் சார் எழுதினா?

— நான்தான். ஏன்?

— புரோகிராமை எழுதினது?

— அதுவும் நான்தான். தொண்ணூத்தொண்ணுல. ஒத்தை ஆளா, பதினஞ்சே நாள்ல.

— நல்லாருக்கு சாமி. படைச்சவரும் நீங்க, பஞ்சாயத்துக்காரரும் நீங்க. பாப்பா, நீ கேளு. ஒரு மாசம் கூட உழைக்கணும்னு ஆசைப்பட்டு நான் நிக்கலை. முப்பத்தி நாலு வருசம் இந்த மில்லுல நூல் சுத்துற வைண்டிங்ல நின்னு முட்டி ரெண்டும் போச்சு. எங்க கடைக்குட்டி பெத்தம்மாளுக்கு ஆகஸ்டு இருபதுலதான் பதினெட்டு முடியுது. நான் ரிட்டயர் ஆவுற அன்னிக்கு அவளுக்குப் பதினெட்டு இருந்தா எம் எடம் அவளுக்கு. ஒரு நா கொறைஞ்சாலும் லிஸ்டுல காத்துக் கெடக்குற வேற வீட்டுப் பிள்ளைக்குப் போயிரும். பொறவு அவ தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்க வேண்டியதுதான். பத்தாவது பாஸ் பண்ணுனவ பாப்பா.

— புரியறது இருளம்மா. செத்த இருங்கோ. சார், புரோகிராம்ல மாசத்தை எங்கேர்ந்து எடுக்கறேள்?

— மெஷின் தேதியை ஒரே ஒரு பெரிய எண்ணா வெச்சிருக்கும். லோக்கல்டைம்னு ஒரு ஃபங்ஷன். அந்த எண்ணை அதுக்கிட்ட குடுத்தா நாள், மாசம், வருஷம்னு பிரிச்சுத் தரும். நாலு வருஷமா பிரிச்சுத் தந்துண்டிருக்கு, ஒரு நாள் லீவு போடாம.

— எப்படிப் பிரிச்சுத் தரும்னு மேனுவல்ல பார்த்தேளா?

— மேனுவல் ஆறு வால்யூம். எம்.டி. ரூம்ல கண்ணாடி பீரோவுக்குள்ள இருக்கு. வெளியூர்லேர்ந்து பார்ட்டி வந்தா கண்ணுல படணுமாம். சாவியைக் கேட்டா, கிழிச்சுடுவேள்ங்கறார்.

— புஸ்தகம் எதுக்கு சார்? மெஷினுக்குள்ளயே அத்தனையும் இருக்கே. எம்-ஏ-என், ‘மேன்’னு அடிச்சு, ஒரு எடம் விட்டு ஃபங்ஷன் பேரை அடிச்சா ஸ்கிரீன்ல வந்துடும்.

— அது எனக்கும் தெரியும்.

— அப்போ பார்க்க வேண்டியதுதானே?

— தெரிஞ்சவன் எதுக்கும்மா பார்க்கணும்?

— என்ன பாப்பா சொல்லுதே? அந்தப் பொட்டி தன்னைப் பத்தித் தானே சொல்லுமா?

— கேட்டா சொல்லும்.

— அட பாவமே. நாலு வருசமா நாதியில்லாம, கேக்க ஆளில்லாம உக்காந்திருக்காக்கும் அது.

— இந்தாம்மா, நக்கல் வேண்டாம். சரி, வஞ்சுளம், அடி. அடிச்சுப் பார்த்துட்டு வாயை மூடு. மூணு மணிக்கு லிஸ்ட் கையெழுத்துக்குப் போகணும். டேட்னு அடி. தேதிதானே தகராறு?

— அது வேற சார், அது ஃபங்ஷன் இல்லே.

— அடின்னா அடி.

— அடிச்சாச்சு. பாருங்கோ. மெஷினோட கடிகாரத்தை எப்படித் திருத்தி வைக்கறதுன்னு ரெண்டு பக்கம் வந்திருக்கு. திருத்தவா?

— வேண்டாம், வேண்டாம்! அதைத் தொட்டே, சம்பள பில் பூரா குட்டிச்சுவராப் போயிடும். மூடு அதை.

— இப்போ லோக்கல்டைம்னு அடிக்கறேன். ம். வந்தாச்சு. பெரிய பக்கமா இருக்கே.

— இங்க்லீஷைத் தமிழ்ல சொல்லு பாப்பா. நான் வாசப்படியில நின்னு எதைப் படிக்க?

— சொல்றேன். முதல்ல, ஊருக்கு ஊர் மணி மாறும்ங்கறான். அப்பறம் அமெரிக்காவுல கோடைக்காலம் வந்தா கடிகாரத்தை ஒரு மணி முன்னால திருப்பி வைப்பாளாம். எந்த ஞாயித்துக்கிழமை திருப்பணும்னு எழுதியிருக்கான். குளிர்காலத்துல மறுபடியும் பின்னால.

— எம் பொழப்பு அமெரிக்காவுலயா கெடக்கு? நான் ஆடித் தேரைக் கேட்டா அவன் ஞாயித்துக்கிழமையைச் சொல்லுதான்!

— பார்த்தியா? இதுக்குத்தான் நான் படிக்கறதில்லே. ஒரு வரி வேணும்னு போனா ஒன்பது பக்கம் கதை சொல்லுவான். போறும், பக்கத்தை மூட க்யூ எழுத்தை அமுக்கு. ஊம், நானே அமுக்கறேன்.

— சார்! ஏன் சார் அமுக்கினேள்? பக்கமே போயிடுத்து! இன்னும் பாதிகூடப் பார்க்கலை.

— பாதி பார்த்தாச்சோல்லியோ? பாதியில தப்பு இல்லேன்னா மீதியிலயும் இருக்காது.

— பெருமாளே! எந்த ஊர் நியாயம் சார் இது? கையை எடுங்கோ. மறுபடியும் அடிக்கறேன். இந்தத் தடவை கீபோர்டு பக்கமே நீங்க வரப்படாது.

— சாமி, நான் ஒண்ணு கேக்கவா? ரொம்ப நாளாவே மனசுல கெடக்கு. கேக்க இன்னிக்குத்தான் வாய்ச்சுது.

— கேட்டுத் தொலை.

— மாசாமாசம் ரிட்டயர் ஆவுறவங்களுக்கு கேண்டீன்ல மாலை போடுதீகள்ல? தை மாசம் பொங்கல் வாக்குல பாத்தா ஆள் ரெண்டு பங்கா நிப்பாக, குடம் பத்தாம ராசபாளையம் கடையில போயி வாங்கிட்டு வருவாக. ஆனா டிசம்பர்ல? இந்தப் பொட்டி வந்ததுக்குப் பொறவு டிசம்பர்ல ஒருத்தருக்குக்கூட மாலை விழுந்து நான் பாக்கலை. ஆயிரத்தி நானூறு பேரு வேலை பாக்குற மில்லுல மார்கழிப் பொறப்பு ஒருத்தர்கூடவா இல்லை? எங்க நாத்தனாரே மார்கழிதான்.

— அது... தற்செயல்.

— நாலு வருஷமும் தற்செயலா சார்? இருங்கோ. பக்கம் வந்தாச்சு. அமெரிக்காவைத் தாண்டியாச்சு. ஸ்பேஸ் பாரை அமுக்கறேன், இன்னொரு தடவை. இதோ இருக்கு. நாள், ஒண்ணுலேர்ந்து முப்பத்தொண்ணு வரைக்கும். மாசம்... மாசம், பூஜ்யத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும்.

— என்னது?

— பூஜ்யத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் சார். நீங்களே பாருங்கோ. இந்த ஃபங்ஷனுக்கு ஜனவரி ஒண்ணு இல்லே, பூஜ்யம். ஆகஸ்ட் எட்டு இல்லே, ஏழு. ஒண்ணைக் கூட்டிக்கணும். நீங்க கூட்டலை. ஏழுன்னு வந்ததை ஜூலைன்னு அடிச்சிருக்கேள்.

— நாளை ஒண்ணுலேர்ந்து எண்ணுவான், மாசத்தைப் பூஜ்யத்துலேர்ந்து எண்ணுவானா? எந்தக் கிறுக்கன் எழுதினான் இதை?

— யார் எழுதினா என்ன சார், எழுதினதைப் பக்கத்துலயே சொல்லியும் வெச்சிருக்கானே! சரி, ஜனவரியில பொறந்தவாளுக்குப் பூஜ்யம்னு அடிச்சிருக்கணுமே, உங்க கண்ணுல படலையா?

— பட்டுது. பூஜ்யம்னு ஒரு மாசம் உண்டோ? மெஷினுக்கு ஏதோ கோளாறுன்னு, பூஜ்யம் வந்தா ஒண்ணுன்னு போடச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன்.

— சேர்த்தேளா! அதுதான் தையில ரெண்டு பங்கு ஆள். ஜனவரிக்காராளும் பிப்ரவரிக்காராளும் ஒண்ணா நின்னு மாலை போட்டுண்டிருக்கா. டிசம்பர்காராளை நவம்பர்லயே அனுப்பியாச்சு. அன்னிக்கே ஒரு தடவை ‘மேன்’னு மூணு எழுத்து அடிச்சிருந்தேள்னா... எனக்கு ஆத்திரமா வருது சார். அழுகையா வருது.

— பாப்பா, அழாத. எனக்குப் புரியுற மாதிரி ஒரே வார்த்தையில சொல்லு. எனக்கு எந்த மாசம்?

— ஆகஸ்ட். ஆகஸ்ட் முப்பத்தொண்ணு. உங்க பொண்ணுக்கு வேலை உண்டு.

— ஆத்தா ஆண்டாளே! நான் சொன்னேன்ல? சொன்னேன்ல சாமி? ஏட்டி பெத்தம்மா, பொழைச்சேடி! பாப்பா, நீ மகராசியா இருக்கணும். பஞ்சு இல்லேன்னா உள்ள வந்து உன்னைக் கட்டிக்கிடுவேன்.

— சரி, சரி. கத்தாதே. ஆனது ஆச்சு. உன் லெட்டரைக் கிழிச்சுட்டு ஆகஸ்ட்னு வேற அடிச்சுத் தரேன். புரோகிராமையும் இன்னிக்கே சரி பண்ணிடறேன். ஆனா இந்த விஷயம் இந்த ரூமோட போகணும். வஞ்சுளம், உனக்கும்தான் சொல்றேன்.

— இந்த ரூமோடன்னா?

— போனவாளைப் பத்திப் பேச்சு வேண்டாம்மா. நாலு வருஷத்துல எழுபத்திமூணு பேர் போயிருக்கா. எல்லாரையும் கூப்பிட்டு, ஒரு மாசம் முன்னாலயே அனுப்பிட்டேன்னு சொல்ல முடியுமோ? என் வேலை போயிடும்.

— சாமி, அது எப்படி? எனக்கு ஒரு நியாயம், அவுகளுக்கு ஒரு நியாயமா? அவுகளும் என்னை மாதிரி கார்டைத் தூக்கிக்கிட்டு வந்திருப்பாக. நீங்க சர்க்குலரைக் காட்டி வெரட்டியிருப்பீக. பாப்பா, அதுல பாரு. என் கதை மாதிரி எம்புட்டுப் பேரு? பிள்ளைக்கு வயசு பத்தலைன்னு எடம் போனவுக எத்தனை?

— நானும் அதைத்தான் பார்க்கறேன். ஒரு மாசம் தள்ளிப் போயிருந்தா பதினெட்டு முடிஞ்சிருக்கும்ங்கற கேஸ்... மூணு பேர் வரா.

— மூணு பேர்தானே? விடுங்கோ. விட்டுடுங்கோ ரெண்டு பேரும். அந்த எடத்துல எல்லாம் வேற பசங்க சேர்ந்து வேலை பார்த்துண்டிருக்கா. இப்போ கிளறினா அவாளை வெளியே அனுப்பணும். அதுகளும் ஏழைப் பசங்கதான்.

— அனுப்புங்க! அடுத்தவன் எடத்துல நின்னுக்கிட்டு, பொட்டி தப்பாச் சொல்லிருச்சுன்னா சரியாப் போச்சா? நானா இருந்தா நானே எந்திரிச்சுப் போயிருவேன். படி பாப்பா. யூனியன்ல நான் சொல்லுதேன். பேரைப் படி.

— கண்ணுச்சாமி, புளோ ரூம். தொண்ணூத்திரெண்டு அக்டோபர். பொண்ணுக்கு ஏழு நாள் குறைச்சல்.

— மூக்கையா மகன் கண்ணுச்சாமியா! அந்தப் பிள்ளையைக் கிழவனுக்கு ரெண்டாந்தாரமாக் கட்டிக் குடுத்துட்டாக சாமி. ஏழு நாளைக்கு! எழுது, எழுது. அடுத்தது?

— முத்துராமலிங்கம், கார்டிங். தொண்ணூத்திமூணு மே. பையனுக்கு இருபத்திரெண்டு நாள்.

— பட்டாளத்துக்குப் போயிட்டான் அவன். இருந்தாலும் எழுது. அவுகளுக்கும் தெரியணும். பொறவு?

— குருவம்மாள், ஸ்பின்னிங். தொண்ணூத்திநாலு மார்ச். பையன் சோணைமுத்து. ரெண்டே நாள் இருளம்மா. ரெண்டு நாள் குறைச்சல்னு தள்ளியிருக்கா.

— போறும்மா. என்னால கேக்க முடியலை. ரெண்டு நாளா?

— ரெண்டு நாள்தான் சார். நீங்க அடிச்ச லெட்டர்தான். இருளம்மா, சொல்லுங்கோ, இவாளைத் தெரியுமோ? அந்தப் பையன் இப்போ எங்க இருக்கான்?

— செட்டியார்பட்டியில... லாரிக்கு மூட்டை தூக்குதான்.

— தண்ணி குடிக்கறேளா? பரவாயில்லே, பஞ்சு இருந்தா இருக்கட்டும், உள்ள வந்து உட்காருங்கோ. அந்த எடத்துக்கு யாரை எடுத்தான்னு இதுல இல்லே. பெரிய ரிஜிஸ்டர்ல தேடினா கிடைக்கும். சார், அந்த ரிஜிஸ்டரை இப்படி நகர்த்துங்கோ.

— தேட வேண்டாம் பாப்பா. எங்க மூத்தவன் சமுத்திரத்தைத்தான் எடுத்தாக.